நடுக்கத்துடனே களிகூருவது எப்படி?

வடசென்னைச் சபை ஒன்றில் பாடல் குழுவை நடத்தும் இளைஞரின் கேள்வி இது. "ஆராதனையில தேவபயமே இல்ல, டிரம்ஸ் சத்தம்தான் இருக்கு" என்கிறார்கள் மூப்பர்கள். "கர்த்தருக்குள் சந்தோஷமாயிருங்கள் என்று வேதமே சொல்லுதே" என்கிறார்கள் வாலிபர்கள். சங்கீதம் 2:11 இரண்டையும் ஒரே வரியில் வைக்கிறது: "பயத்துடனே கர்த்தரைச் சேவியுங்கள், நடுக்கத்துடனே களிகூருங்கள்." நடுங்குகிறவன் எப்படிக் களிகூருவான்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இதை எப்படிக் கொண்டுவருவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயம் என்றால் அமைதி, சந்தோஷம் என்றால் சத்தம் என்று இரண்டு தரப்புமே வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். ஏதோ சவுண்ட் மிக்ஸரில் இருக்கும் ஒரே குமிழ், இந்தப் பக்கம் திருப்பினால் பக்தி, அந்தப் பக்கம் திருப்பினால் குதூகலம் என்பதுபோல. வேதத்தில் அப்படி ஒரு குமிழே கிடையாது.

வசனத்தின் வார்த்தைகளைப் பாருங்கள். "சேவியுங்கள்" என்ற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'அவாத்' என்ற வினை. வேலை செய்வது, ஊழியம் செய்வது, வழிபடுவது மூன்றும் அதற்குள் அடக்கம். இதே வினை, இதே கட்டளை வடிவில் சங்கீதம் 100:2-லும் வருகிறது. அங்கே நம் தமிழ் வேதம் "மகிழ்ச்சியுடனே கர்த்தருக்கு ஆராதனைசெய்து" என்று பெயர்த்திருக்கிறது. மூலத்தில் இரண்டும் ஒரே தொடர். ஓரிடத்தில் "பயத்துடனே", இன்னோரிடத்தில் "மகிழ்ச்சியுடனே". தமிழில் சேவித்தல், ஆராதித்தல் என்று இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டதால் நம் காதுக்கு அந்த ஒற்றுமை எட்டுவதில்லை. (சேவித்தல் நல்ல தேர்வுதான். திருவல்லிக்கேணியில் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவர்கள் வாயிலும் அது வழிபாடு, பழைய தமிழில் அது ஊழியம். மூலச்சொல்லின் இரண்டு பொருளும் அதில் இருக்கிறது.)

"நடுக்கம்" லேசான சொல் அல்ல. சங்கீதம் 48:6-ல், எருசலேமைப் பார்த்துப் பிரசவ வேதனைப்படும் பெண்ணைப்போல ராஜாக்கள் நடுங்கினார்கள் என்ற இடத்தில் வருவதும் இதே எபிரெயச் சொல்தான். அதனால் 'பயம் என்றால் வெறும் மரியாதை' என்று நீர்த்துப்போகச் செய்யும் பிரசங்க வழக்கம் இந்த வசனத்துக்கு ஒத்துவராது. இன்னொன்று, இந்தச் சங்கீதம் யாரிடம் பேசுகிறது? கர்த்தருக்கு எதிராகக் கூடி ஆலோசனை பண்ணும் ராஜாக்களிடம். அவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே வந்து, 12-ஆம் வசனத்தில் "அவரை அண்டிக்கொள்ளுகிற யாவரும் பாக்கியவான்கள்" என்று முடிகிறது. யாரைக் கண்டு நடுங்க வேண்டுமோ, ஒதுங்க இடமும் அவரிடத்தில்தான். களிப்புக்குக் காரணம் அதுவே.

இந்த முடிச்சு வேதம் முழுக்க வருகிறது. சீனாய் மலையில் இடியும் புகையும் கண்டு ஜனங்கள் பின்வாங்கியபோது மோசே சொன்னதை யாத்திராகமம் 20:20-ல் படியுங்கள். "பயப்படாதிருங்கள்" என்று தொடங்குகிறார். தேவனைப்பற்றும் பயம் உங்கள் முகத்திற்கு முன்பாக இருக்கவே அவர் எழுந்தருளினார் என்று முடிக்கிறார். ஒரே வசனத்தில் ஒரு பயம் போகிறது, இன்னொரு பயம் வந்து உட்காருகிறது. போகச் சொன்னது தேவனை விட்டு ஓடவைக்கும் பயம். வரச் சொன்னது பாவத்தை விட்டு ஓடவைக்கும் பயம். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் சொல்வது முதல் வகையை. அந்த வசனமே "பயமானது வேதனையுள்ளது" என்று விளக்கமும் தருகிறது. அந்த இடத்துக் கிரேக்கச் சொல்லுக்குத் தண்டனை என்று பொருள். எனவே 1 யோவான் 4:18-ஐ எடுத்துக்கொண்டு தேவபயமே தேவையில்லை என்று வாதாடுவது நிற்காது.

இரண்டாம் வகைப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு சங்கீதம் 130:4 போதும்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, ஆகையால் பயம் என்று எழுதியிருந்தால் யாருக்கும் புரியும். மன்னிப்பு உண்டு, ஆகையால் பயம் என்கிறது. எரேமியா 33:9-லும் இதே போக்கு: கர்த்தர் எருசலேமுக்குச் செய்யும் நன்மைகளைக் கேள்விப்பட்டு ஜாதிகள் நடுங்குவார்கள். நன்மையைக் கண்டு நடுங்குவது! இயேசு உயிர்த்தெழுந்த காலையில் கல்லறையை விட்டு ஓடிய பெண்களை மத்தேயு 28:8 "பயத்தோடும் மகா சந்தோஷத்தோடும்" ஓடினார்கள் என்கிறது. பயம் விலகிய பிறகு சந்தோஷம் வந்ததாக அங்கே இல்லை. இரண்டும் ஒரே ஓட்டத்தில், ஒரே செய்தியால் வந்தவை.

இனி டிரம்ஸ் விவகாரம். இதற்கு 2 சாமுவேல் 6-ஐ நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டு தரப்பும் இதே அதிகாரத்தைத்தான் மேற்கோள் காட்டும். மூப்பர்கள் ஊசாவை, வாலிபர்கள் தாவீதின் நடனத்தை.

தேவனுடைய பெட்டியை, அதாவது உடன்படிக்கைப் பெட்டியை, எருசலேமுக்குக் கொண்டுவர தாவீது 30,000 பேரைக் கூட்டுகிறான். புது வண்டி, மாடுகள், சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம். நாகோனின் களத்தில் மாடுகள் மிரள, ஊசா கையை நீட்டிப் பெட்டியைப் பிடிக்கிறான், செத்து விழுகிறான். எங்கே தப்பு? வாத்தியத்தில் இல்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறை கொண்டுவரும்போதும் எக்காளமும் ஆரவாரமும் இருந்தன. தாவீது முழுப் பலத்தோடும் ஆடினான். அப்போது யாரும் சாகவில்லை. மாறியது வண்டி. பெட்டியின் பக்கங்களில் வளையங்களும், அவற்றில் பாய்ச்சத் தண்டுகளும் இருந்தன (யாத்திராகமம் 25). லேவியரில் ஒரு பிரிவினரான கோகாத் புத்திரர் அதைத் தோளில் சுமக்க வேண்டும், தொட்டால் சாவார்கள் என்று எண்ணாகமம் 4:15-லும் 7:9-லும் எழுதியிருக்கிறது. புது வண்டி யோசனை, பெட்டியைப் பிடித்துப்போய்த் திருப்பி அனுப்பிய எதிரிகளான பெலிஸ்தருடையது (1 சாமுவேல் 6:7). அவர்களுக்கு அது பலித்ததைப் பார்த்து இவர்களும் செய்தார்கள். 1 நாளாகமம் 15:13-ல் தாவீதே காரணத்தைச் சொல்கிறான்: தேவனை நியாயமானபடி தேடாமற்போனோம்.

இரண்டாம் முறை ஒரு சின்ன விவரம். பெட்டியைச் சுமந்தவர்கள் ஆறு தப்படி நடந்ததும் பலி செலுத்தினார்கள் (6:13). ஆறே அடி. அந்த ஆறு அடியும் எப்படி வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் முறை நடந்தது எல்லார் மனதிலும் இருக்கிறது. அதற்கு அடுத்த வசனத்தில் நடனம். நடுக்கத்துடனே களிகூருவதற்கு இதைவிடக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஓர் உதாரணம் கிடைக்காது. அந்த நடனத்தைப் பலகணி வழியாகப் பார்த்து இகழ்ந்த அவன் மனைவி மீகாள், சத்தமில்லாமல், கண்ணியமாகத்தான் நின்றிருந்தாள். அமைதி தானாகவே பக்தி ஆகிவிடாது என்பதையும் இந்த அதிகாரம் சொல்லிவிடுகிறது.

சத்தத்தின் அளவுக்கு மூப்பர்களிடம் காட்ட இன்னொரு வசனம்: 2 நாளாகமம் 5:12-14. சாலொமோனின் ஆலயத்தில் 120 ஆசாரியர் பூரிகை (எக்காளம்) ஊதினார்கள். பாடகரும் அவர்களும் ஒரே சத்தமாய் இசைந்தபோது ஆலயம் மேகத்தால் நிறைந்தது. ஊழியம் செய்ய ஆசாரியர் நிற்கக்கூட முடியவில்லை. 120 பூரிகைக்குமுன் உங்கள் டிரம் செட் ஒன்றுமே இல்லை. மறுபக்கம் "பூமியெல்லாம் அவருக்கு முன்பாக மௌனமாயிருக்கக்கடவது" என்று பல கோயில் சுவர்களில் எழுதியிருக்கிறதே, ஆபகூக் 2:20, அது பிள்ளைகள் பேசக்கூடாது என்பதற்கான அறிவிப்புப் பலகை அல்ல. முந்தின வசனத்தில் மரத்தைப் பார்த்து "விழித்துக்கொள்" என்று கத்துகிறவனைப்பற்றிச் சொல்லிவிட்டு, இதோ பேசுகிற தேவன் இருக்கிறார், நீ வாயை மூடு என்கிறது. மௌனம் அங்கே கேட்பதற்காக. பாடி முடித்தவுடன் வேதவாசிப்பை 'ஸ்கிப்' செய்துவிட்டு அறிவிப்புக்குப் போகிற சபைக்குத்தான் அந்த வசனம் உறைக்க வேண்டும்.

அப்படியானால் ஆராதனையை எப்படி அமைப்பது? சங்கீதம் 95-ஐ அப்படியே வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். 1662-இன் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் காலை ஜெபத்தின் தொடக்கத்தில் இதற்கு நிலையான இடம் உண்டு. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வளர்ந்தவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். 11 வசனம், மூன்று அசைவு. 1 முதல் 5 வரை கெம்பீரம்: பாடுவோம், ஆர்ப்பரிப்போம், ஏனென்றால் பூமியின் ஆழங்கள் அவர் கையில். 6, 7-ல் பணிந்து குனிந்து முழங்காற்படியிடுதல். 7-இன் கடைசிப் பாதியிலிருந்து எச்சரிப்பு: இன்று அவருடைய சத்தத்தைக் கேட்டால் இருதயத்தைக் கடினப்படுத்தாதேயுங்கள். இந்த வரிசையில் சத்தம் முதலில், குனிதல் அடுத்து, வார்த்தை கடைசி. நம் பாடல் குழுக்கள் பலவற்றில் 'ஸ்லோ'வில் ஆரம்பித்து 'ஃபாஸ்ட்'டில் முடித்து, எல்லாரும் மூச்சு வாங்க உட்காரும்போது பிரசங்கியார் மேடைக்கு வருகிறார். கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது, சென்னை வெயிலில், மின்விசிறிக்கு அடியில்கூட.

25 நிமிடப் பாடல் நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 12 நிமிடம் இரண்டு பாட்டு, இரண்டுமே தேவன் யார், என்ன செய்தார் என்று பாடுபவை. 'நான் உணர்கிறேன்' வகைப் பாட்டு இங்கே வேண்டாம். சங்கீதம் 95-இல் களிப்புக்குக் காரணமாகச் சொன்னது கடலும் வெட்டாந்தரையும்தான், பாடுகிறவனின் மனநிலை அல்ல. பிறகு டிரம்ஸ் நிற்கட்டும். அதட்டாமல், அடுத்த பாட்டுக்கு 'ரோல்' கொடுக்காமல், குச்சியைக் கீழே வைத்துவிடட்டும். முழங்காற்படியிட ஓர் அழைப்பு, ஒரே வாக்கியத்தில். வயதானவர்கள் உட்கார்ந்தபடியே தலைகுனியலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூட்டுவலிக்காரர்கள் சங்கடப்படுவார்கள். பிறகு 60 முதல் 90 விநாடி முழு மௌனம். கீபோர்டில் பின்னணியாக இழுத்துக்கொண்டிருக்கும் 'பேட்' சத்தமும் கூடாது. இங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். 20 விநாடி கடந்ததும் நடத்துகிறவருக்கு உதறல் எடுக்கும், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று மைக்கில் நிரப்பத் தொடங்குவார். கையில் கடிகாரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மௌனத்தின் முடிவில் பாவ அறிக்கை, அதைத் தொடர்ந்து உடனே மன்னிப்பின் வசனம் ஒன்று சத்தமாய் வாசிக்கப்பட வேண்டும். சங்கீதம் 130:3-4, அல்லது 1 யோவான் 1:9. எழுதிவைத்த ஒழுங்குப்படி ஆராதனை நடக்கும் சபைகளில் இது தானாக வந்துவிடும். தனிச்சபைகளில் ஜனங்களைக் குற்ற உணர்வுவரை அழவைத்துவிட்டு அங்கேயே விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. மன்னிப்பு அறிவிக்கப்படாத இடத்தில் தேவபயம் திகிலாகப் புளித்துப்போகும். நெகேமியா 8-ல் தண்ணீர்வாசல் வீதியில் காலைமுதல் மத்தியானம்வரை நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்டு ஜனங்கள் அழுதார்கள். நெகேமியாவும் எஸ்றாவும் லேவியரும் அவர்களை அழவிட்டுவிடவில்லை. போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள், "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்றார்கள். அந்தப் பிரபலமான வசனம் அழுதுகொண்டிருந்தவர்களுக்குச் சொன்னது. சுவர் காலண்டரில் தனியாகப் பார்க்கும்போது அது தெரிவதில்லை.

கடைசியாக ஒரு பாட்டு, பிறகு வேதவாசிப்பு. வாசிப்பவர் முந்தின நாளே பகுதியை வாய்விட்டு மூன்று முறை படித்திருக்க வேண்டும். மேடையில் நின்று பக்கம் புரட்டித் தேடுவதைவிட தேவபயத்தைக் குலைக்கிற காரியம் எதுவும் இல்லை, டிரம்ஸ் உட்பட. சங்கீதம் 33:3 வாத்தியங்களை "நேர்த்தியாய்" வாசிக்கச் சொல்கிறது. ஐந்து வசனம் தள்ளி, பூமியெல்லாம் கர்த்தருக்குப் பயப்படுவதாக என்கிறது. தாவீதின் ஏற்பாட்டில் பயிற்சி பெற்ற பாடகர் 288 பேர், 24 முறைகள், முறைக்கு 12 பேர் (1 நாளாகமம் 25). சனிக்கிழமைப் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு ஞாயிறன்று 'ஆவியானவர் நடத்துவார்' என்பது புது வண்டி.

ஒலி பற்றியும் சொல்ல வேண்டும். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகல் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. பெரம்பூர், வியாசர்பாடி சந்துகளில் பக்கத்து வீட்டுச் சுவரும் சபைச் சுவரும் ஒட்டியே இருக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் பேஸ் ஒலி சுவர் வழியே போகும். சட்டத்தைவிட எளிதான சோதனை ஒன்று உண்டு. கடைசிப் பல்லவியில் மைக்கை விட்டு விலகி, வாத்தியம் அத்தனையும் நிறுத்துங்கள். சபையின் சத்தம் அப்படியே தொடர்ந்தால் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். படாரென்று விழுந்தால் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது இரண்டைச் சரிபாருங்கள்: மேடை ஒலி, ஸ்கேல். பதிவில் கேட்ட ஸ்கேலிலேயே பாடாதீர்கள். உச்ச ஸ்வரம் 'டி'யைத் தாண்டினால் சபையில் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள்; கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு, மூன்று படி இறக்கிவிடுங்கள்.

வார்த்தைத் தேர்வில் நமக்கு ஒரு கொடை இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ ஜெபத்தில் தேவனை "நீர்", "உம்முடைய" என்கிறோம். அது "நீ" அல்ல, ஆபீஸ் மேலாளரிடம் பேசும் "நீங்கள்" அல்ல. மரியாதையும் நெருக்கமும் ஒரே பிரதிப்பெயரில். புதுப்பாட்டு எழுதும் பிள்ளைகள் பலர் ஒரே சரணத்தில் "நீர்", "நீங்க" இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். மெட்டுக்கு அசை இடிக்கிறது என்பதுதான் காரணம். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள், என் விருப்பம் "நீர்". "அப்பா" என்று அழைப்பதில் தப்பே இல்லை, ரோமர் 8:15 அதற்காகவே ஆவியைப் பெற்றோம் என்கிறது. ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் காற்புள்ளி போல் "அப்பா" போட்டு நிரப்புவது பிரசங்கி 5:2 சொல்லும் "உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக" என்பதற்கு எதிர்.

செருப்பைக் கழற்றுவது, முக்காடு போடுவது, கைதூக்குவது, கைதட்டுவது எல்லாம் உடலின் பாஷை. எது உங்கள் சபை வழக்கமோ அதை மனதார செய்யுங்கள். ஆனால் மேடையிலிருந்து "இன்னும் கையைத் தட்டுங்க, கேக்கல" என்று விரட்டாதீர்கள், "துதிக்காவிட்டால் கல்லுகள் கூப்பிடும்" என்று மிரட்டவும் வேண்டாம். அது லூக்கா 19:40-ல் பரிசேயருக்குச் சொன்ன பதில். முந்தின இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்குச் சொன்னது அல்ல.

திருவிருந்து ஞாயிறு தனிக் கவனம் கேட்கிறது, ஏனென்றால் நம் ஊரில் தவறான பயம் அதிகம் வெளிப்படுவது அன்றைக்குத்தான். பாதிப்பேர் பந்திக்கு வராமல் எழுந்து போய்விடுவார்கள். காரணம் 1 கொரிந்தியர் 11:27-இன் "அபாத்திரமாய்" (தகாத விதமாய்) என்ற சொல். அது வினையடை, எப்படிப் புசிக்கிறாய் என்பதைச் சொல்கிறது. கேட்கிறவர்களோ "நான் அபாத்திரன்" என்று தங்களைப்பற்றி எடுத்துக்கொள்கிறார்கள். கொரிந்துவில் நடந்தது என்ன என்று 21-ஆம் வசனம் சொல்கிறது: ஒருவன் பசியாயிருக்க, மற்றவன் வெறிகொள்ளுகிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்தின பந்தி அது. பவுல் தரும் மருந்தும் அதற்கேற்றது: 33-ல், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். நடுவில் 28-ல், "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்கிறார். சோதித்தறிந்து வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பந்திக்குமுன் 21, 27, 28, 33 ஆகிய இந்த நான்கு வசனங்களையும் சேர்த்து வாசிக்கும்படி உங்கள் ஆயரிடம் கேளுங்கள். 27-ஐ மட்டும் தனியாக வாசிக்க வேண்டாம்.

மூப்பர்களோடு உட்காரும்போது பாட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். லேவியராகமம் 9:24-ஐத் திறந்து வையுங்கள். பலிபீடத்தின்மேல் கர்த்தருடைய அக்கினி இறங்கியதைக் கண்டு ஜனங்கள் "ஆரவாரித்து முகங்குப்புற விழுந்தார்கள்". ஆரவாரம் இருக்கிறது பாருங்கள் என்று உங்கள் வாலிபரும், முகங்குப்புற விழுந்தார்கள் பாருங்கள் என்று மூப்பர்களும் சொல்வார்கள். சொல்லட்டும். பிறகு அப்படியே அடுத்த இரண்டு வசனங்களையும், ஆரோனின் மகன்கள் நாதாப், அபியூ அந்நிய அக்கினி கொண்டுவந்து கர்த்தருடைய சந்நிதியிலேயே செத்ததுவரை, யாராவது ஒருவர் நிறுத்தாமல் வாசியுங்கள்.